தீப்பெட்டிப் படமும் சீட்டுக்கட்டும்

கோவில்பட்டி என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடலைமிட்டாய். 2020ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதால் இனி அதை அசைக்க முடியாது. இலக்கியம் படிப்பவர்கள் என்றால் பக்கத்து இடைசெவலையும், அங்கே பிறந்த கி.ராஜநாராயணனையும் கு.அழகிரிசாமியையும் சொல்வார்கள். விளையாட்டுப் பிரியர்கள் ஹாக்கி என்பார்கள். யாரும் சொல்லாமல் விடுகிற ஒரு விளையாட்டும் இந்த ஊருக்கும் சுற்று வட்டாரத்துக்கும் உண்டு. தீப்பெட்டிப் படம்!

படம் பொறித்த சீட்டுகளைச் சேகரிப்பது, புதிதாக வந்த சீட்டு தேறுமா தேறாதா என்று எடை போடுவது, அதிலிருந்து ஒரு கட்டு தயார் செய்து எதிராளியோடு மோதுவது... இந்த வகை ஆட்டம் 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிறந்தது என்று எழுதுவது வழக்கம். 'மேஜிக்: தி கேதரிங்' என்பது ஆட்டத்தின் பெயர். உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு, ஒரு கல்லூரியின் கணித ஆசிரியர். விதிமுறைப் புத்தகத்தோடு கடைக்கு வந்த முதல் ஆட்டம் அது என்றால் சரி. ஆனால் சேகரிப்பு, மதிப்பீடு, கட்டு, பந்தயம் ஆகிய நான்கும் சேர்ந்த ஓர் ஆட்டத்தைக் கரிசல் காட்டுப் பையன்கள் அதற்குப் பல காலம் முன்பே தெருப்புழுதியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். விதிமுறைப் புத்தகம்தான் கிடையாது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் இத்தனை தீப்பெட்டி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை என்று நீளும் இந்தப் பகுதி முழுக்க கறுப்பு மண். மழை பெய்தால் காலை இழுக்கும், வெயிலடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வற்றாத ஆறு கிடையாது, பெரிய அணை கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி பருத்தி, சோளம், கம்பு, மிளகாய், உளுந்து என்று மானாவாரி வெள்ளாமை. 1901லேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கப்பட்டது என்றால் அதற்குக் காரணம் இங்கே விளைந்த கருங்கண்ணிப் பருத்தியும் இந்த மண்ணும்தான். மழை பொய்த்த வருடம் வேலை கிடையாது, பெய்த வருடத்திலும் சில மாதம்தான் வேலை. வறண்ட காற்று, சும்மா இருக்கும் கைகள். தீப்பெட்டித் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்ற தீப்பெட்டியில் பெரும்பகுதி ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்தது. ஜப்பான்காரர்கள் வியாபாரத்தில் கில்லாடிகள். இந்தியச் சந்தைக்கென்றே நம் சாமி படங்களையும் ரவிவர்மா பாணிப் படங்களையும் லேபிளாக அச்சடித்து அனுப்பினார்கள். 1922ல் இறக்குமதித் தீப்பெட்டிக்குச் சுங்க வரி எகிறியது. உடனே ஸ்வீடன் கம்பெனி இந்தியாவுக்குள்ளேயே ஆலை போட முடிவெடுத்து, 1923ல் 'விம்கோ' பிறந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்ச் சில மாதங்கள் தங்கித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதற்குப் பின் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். சிவகாசியைத் தொடர்ந்து சாத்தூரும் கோவில்பட்டியும் தீப்பெட்டி ஊர்களாயின. (இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். பட்டாசு என்றால் 'பயர் ஆபீஸ்'. கரிசல் காட்டில் ஆபீஸ் வேலைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் மேசை நாற்காலியைக் கற்பனை செய்துவிடக் கூடாது!)

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதற்காக சிவகாசியில் லித்தோ அச்சகங்கள் வந்தன. பின்னாளில் இந்தியா முழுவதும் தொங்கிய காலண்டர்களும் டைரிகளும் இந்த லேபிளின் தம்பி தங்கைகளே.

அடுத்த காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 1934ல் தீப்பெட்டிக்கு மத்திய எக்சைஸ் வரி வந்தது. விம்கோ போன்ற இயந்திர ஆலையோடு கைத்தொழில்காரர்கள் போட்டி போட முடியாது என்பதால், உற்பத்தி அளவை வைத்து ஆலைகளை வகை பிரித்து, சிறிய ஆலைக்குக் குறைந்த வரி என்று வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான். விளைவு? யாரும் பெரிதாக வளர விரும்பவில்லை. வளர்ந்தால் வரி கூடும். அதனால் ஒரு ஆபீஸ் கொஞ்சம் நன்றாக நடந்தால் அதைப் பெரிதாக்காமல், மச்சான் பெயரிலோ மகன் பெயரிலோ இன்னொரு சின்ன ஆபீஸ் திறந்தார்கள். புது ஆபீஸ் என்றால் புது மார்க், புது மார்க் என்றால் புது லேபிள். வட இந்திய வியாபாரி ஒருவர் தனக்கென்று தனி மார்க் கேட்டால் அதற்கும் ஒரு லேபிள். ஒரு மார்க் நன்றாக ஓடினால், அதைப் போலவே நிறமும் படமும் வைத்துப் பெயரில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றி நாலு போலி மார்க். இப்படியாகச் சிங்கம், புலி, யானை, மயில், கப்பல், சாவி, விளக்கு, பூ, கடிகாரம், நடிகர், நடிகை என்று கணக்கற்ற லேபிள்கள்.

இன்றைய சீட்டாட்டக் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'எக்ஸ்பான்ஷன்' என்று புதுச் சீட்டுத் தொகுப்பு வெளியிட்டு ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. கோவில்பட்டிப் பையன்களுக்கு அந்த வேலையை எக்சைஸ் சட்டம் இலவசமாகச் செய்துகொடுத்தது!

அந்தக் காலத் தீப்பெட்டி மரத்தாலானது. மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாள் சுற்றி, மேலே லேபிள் ஒட்டியிருப்பார்கள். லேபிள் தனித்தாள். காலிப் பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பசை இளகி லேபிள் தனியாக மிதந்து வரும். அதைக் கிழியாமல் எடுத்து, சுவரில் ஒட்டிக் காயவைத்து, புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினால் மொடமொடவென்று சீட்டு தயார். அவசரப்பட்டுக் காய்ந்த பெட்டியிலிருந்து உரித்தால் ஓரம் போய்விடும். ஓரம் போன படத்துக்குப் பாதி மதிப்புதான். மேல்நாட்டுச் சீட்டு வியாபாரிகள் ஒவ்வொரு சீட்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து 'கண்டிஷன்' சொல்லி விலை வைக்கிறார்களே, அதே கணக்கு.

ஆட்டங்கள் ஊருக்கு ஊர் பெயரும் விதியும் மாறும். பிரதானமானவை இரண்டு.

முதலாவது, செதுக்கு. தரையில் வட்டம் கீறி, ஆளுக்கு இத்தனை என்று பேசிக்கொண்டு படங்களை நடுவில் அடுக்குவார்கள். தூரத்தில் கோடு. கோட்டில் நின்று தட்டையான கல்லை வீசி, வட்டத்துக்கு வெளியே தள்ளிய படமெல்லாம் தள்ளியவனுக்குச் சொந்தம். கை பழகினவன் ஜெயிப்பான் என்றுதான் மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் எதை வட்டத்துக்குள் வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்து மதிப்புக்குப் பத்துச் சில்லறைப் படம் வைக்கலாம், அல்லது பத்து மதிப்புள்ள ஒற்றைப் படம் வைக்கலாம். பத்துப் படம் அடுக்கினால் கனமான அடுக்கு, கல் பட்டதும் நாலாபுறமும் சிதறும். ஒற்றைத் தாள் தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும், கல் அதன் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆக, மதிப்புள்ள ஒற்றைப் படத்தை வைப்பவன் துணிச்சல்காரன் போலத் தெரிந்தாலும் உண்மையில் பாதுகாப்பாக ஆடுகிறான். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனி ஆடிக் காற்று! பக்கத்துக் கயத்தாற்றில் காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை. அந்த மாதங்களில் ஒற்றைத் தாள் கல் படாமலேயே வட்டத்தை விட்டுப் பறக்கும், பிறகு அது யாருக்கு என்று சண்டை.

இரண்டாவது ஆட்டத்துக்குக் கல் வேண்டாம், காற்றில்லாத திண்ணை போதும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு படமாக மாற்றி மாற்றி நடுவில் போட்டுக்கொண்டே வருவார்கள். மேலே கிடக்கும் படமும் இப்போது போட்ட படமும் ஒன்றாக அமைந்துவிட்டால், போட்டவன் மொத்தக் குவியலையும் அள்ளிக்கொள்வான். கட்டு தீர்ந்தவன் அவுட்.

இதில்தான் கட்டு சேர்ப்பது என்ற கலை வருகிறது. பார்க்காமல் மேலிருந்து உருவிப் போடும் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனிடம் இருபது படம், அதில் பத்து ஒரே ரகம், மீதி இரண்டு ரகங்களில் ஐந்தைந்து. எதிராளி அந்தப் பத்து ரகத்தையே இருபதும் கொண்டுவந்தால், ஒவ்வொரு முறையும் படம் சேர்வதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. அப்படியில்லாமல் பத்து விதமான படங்களை விதத்துக்கு இரண்டாகக் கொண்டுவந்து, முதல்வனின் மூன்று ரகங்களும் அந்தப் பத்துக்குள் இருந்தால், வாய்ப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கட்டை மாற்றினால் ஆட்டத்தின் வேகம் மாறுகிறது. ஆனால் யார் அள்ளுவார்கள் என்பது மாறுவதில்லை. ஏனென்றால் இவன் படத்தின் மேல் அவன் படம் சேரும் வாய்ப்பும், அவன் படத்தின் மேல் இவன் படம் சேரும் வாய்ப்பும் எப்போதும் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எப்படி மாற்றிப் போட்டாலும் சமம்தான்.

அப்படியானால் கட்டு சேர்ப்பதில் என்ன சாமர்த்தியம்? ஜெயிக்கும் வாய்ப்பு சமமாக இருந்தாலும், தோற்றால் எது போகும் என்பது சமமில்லை. சல்லிப் படங்களாக இருபது கொண்டுவருபவன் தோற்றால் சல்லிதான் போகும். ஜெயித்தால் எதிராளியின் மயிலும் யானையும் வரும். எனவே விவரமான பையன் அரிய படத்தை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, தெருவெங்கும் கிடைக்கிற படத்தைக் கட்டாகக் கொண்டுவருவான். பொறுக்கிய படங்களாகக் கொண்டுவந்து பெருமையாக விரித்துக் காட்டுகிறவன்தான் சாயங்காலம் வெறுங்கையோடு போவான்.

பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போடும் ஆட்டம் என்றால் கதையே வேறு. எதிராளியிடம் நிச்சயம் இல்லாத ஒரு படத்தைப் போட்டால் அடுத்த முறை அவனால் சேர்க்க முடியாது. அரிய படம் இங்கே ஒரு கேடயம். ஆனால் கேடயம் குவியலில் விழுந்துவிடுகிறது, பின்னால் குவியலை யார் அள்ளினாலும் அதுவும் சேர்ந்து போகும். குவியல் சிறியதாக இருக்கும்போது அரிய படத்தைப் போடுவது முட்டாள்தனம். குவியல் பெரிதாகி எதிராளியின் முறை வரும்போது போடாமல் விடுவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். இதோடு எதிராளி இதுவரை என்னென்ன அள்ளினான் என்று ஞாபகமும் வைத்திருக்க வேண்டும். சின்னப்பயல் விளையாட்டு என்று பெரியவர்கள் திட்டிய ஆட்டத்தில் இவ்வளவு இருக்கிறது.

சரி, புதிதாக ஒரு லேபிள் தெருவுக்கு வருகிறது. அதன் மதிப்பை யார் முடிவு செய்வது? இதுதான் உண்மையில் கஷ்டமான கேள்வி. லேபிளில் விலையும் இல்லை, விதியும் இல்லை. முதலில் பார்ப்பது படம். முகம் உள்ள படம், மிருகம், நாலைந்து வண்ணம் அச்சடித்தது என்றால் மவுசு. வெறும் எழுத்தும் எண்ணும் என்றால் தள்ளுபடி. அடுத்தது, எங்கிருந்து வந்தது என்ற விசாரணை. உள்ளூர்ப் பெட்டிக்கடையில் வாங்கியதா, ரயிலில் வந்த யாரோ எறிந்ததா? கடையில் வாங்கியதென்றால் அடுத்த வாரமே தெரு முழுக்கப் பரவிவிடும், இன்றைக்கே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ரயில் பாதையில் கிடைத்ததென்றால் இன்னொன்று வருவதற்கு மாதமாகலாம். அப்புறம் போலி விவகாரம். பெரிய மார்க்கைப் போல இருக்கும் போலி லேபிள், அசலோடு சேர்கிறதா சேரவில்லையா? இரண்டும் 'ஒரே படம்' என்று ஒருவன் குவியலை அள்ளப் பார்ப்பான், 'எழுத்தைப் படிடா' என்று மற்றவன் கையைப் பிடிப்பான். டிரேட்மார்க் வழக்கில் வக்கீல்கள் பேசுவதை இவர்கள் திண்ணையில் பேசினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பல பையன்கள் இங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் தீப்பெட்டிப் படத்தோடு சிகரெட் அட்டையும் ஓடியது. சார்மினார், சிசர்ஸ், பாசிங் ஷோ, வில்ஸ், கோல்டு பிளேக் என்று ரூபாய் நோட்டைப் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. கடையில் எது விலை அதிகமோ, எதைக் குடிப்பவர் ஊரில் குறைவோ அதற்கு மதிப்பு அதிகம். பெரிய அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு ஆட வந்தவன் சில்லறை மாற்ற அலைவான், மாற்றிக் கொடுப்பவன் கமிஷன் எடுப்பான். இதெல்லாம் எந்த வங்கியும் சொல்லித்தராமல் தானாக உருவான ஏற்பாடு.

தீப்பெட்டி விளையும் ஊருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். பெட்டி ஒட்டுகிற வேலை ஆபீசில் மட்டும் நடக்கவில்லை, வீடு வீடாக நடந்தது. எந்த ஊரில் லேபிள் கட்டுக்கட்டாக இருக்கிறதோ அந்த ஊரில் அந்த லேபிளுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? கோவில்பட்டியில் ஒட்டிய பெட்டி பீகாருக்கும் வங்காளத்துக்கும் போய், அங்கே ஏதோ ஒரு பையனுக்குப் பொக்கிஷமாகும். ஒட்டிய தெருவில் அது குப்பை. இங்கே மதிப்பு விம்கோவின் கப்பலுக்கும், சீட்டா பைட்டுக்கும், டெக்காவுக்கும் இருந்தால் ஆச்சரியமில்லை. (டெக்கா என்றால் வங்காளத்தில் சீட்டுக்கட்டின் ஏஸ்! தீப்பெட்டிக்கும் சீட்டுக்கும் உறவு புதிதல்ல.)

இதே பாடத்தை அமெரிக்கக் கம்பெனி பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. மேஜிக்கின் முதல் பதிப்பில் 295 வகைச் சீட்டுகள், மொத்தம் அச்சடித்தது சுமார் 26 லட்சம் சீட்டு. கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோனது. முதல் விரிவாக்கம் 'அரேபியன் நைட்ஸ்' அதே 1993 டிசம்பரில் வந்து அதுவும் தீர்ந்தது. கடைக்காரர்கள் எவ்வளவு கேட்டாலும் கிடைக்கவில்லை என்பதால் 1994 நவம்பரில் 'ஃபாலன் எம்பயர்ஸ்' தொகுப்பை ஏறத்தாழ 35 கோடிச் சீட்டு அச்சடித்துக் கொட்டினார்கள். மதிப்பு தரைமட்டமானது. அடுத்து 1995ல் பழைய அரிய சீட்டுகளை மறுபடி அச்சடித்தார்கள். சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்தார்கள். 1996ல் 'இன்னின்ன சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சடிக்க மாட்டோம்' என்று கம்பெனியே பட்டியல் போட்டு வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. சிவகாசி அச்சகம் எந்தப் பையனுக்கும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. ஆபீஸ் நடக்கும்வரை லேபிள் வரும், ஆபீஸ் மூடினால் லேபிள் அரிதாகும். அவ்வளவுதான்.

இன்னொரு ஒற்றுமைதான் அதிசயம். மேஜிக்கின் முதல் விதிகளில் 'ஆன்ட்டி' என்று ஒன்று இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பார்க்காமல் உருவிப் பந்தயமாக வைக்க வேண்டும், ஜெயித்தவருக்கு இரண்டும் சொந்தம். அதாவது வட்டத்துக்குள் படம் வைப்பது! கார்ஃபீல்டின் நினைப்பு, சீட்டுகள் இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்தால் யாரும் ஒரேயடியாக வலுத்துவிட மாட்டார்கள் என்பது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சீட்டை இழக்க யாருக்கும் மனமில்லை, சூதாட்டம் என்ற குற்றச்சாட்டு வேறு வரும் என்ற பயம். சில வருடங்களில் அந்த விதி காணாமல் போனது. செதுக்கு ஆடிய பையன்களுக்கும் வீட்டில் கிடைத்த பட்டம் 'சூதாடி'தான். முதுகில் நாலு வைத்து, மொத்தக் கட்டையும் அடுப்பில் போட்ட அப்பாக்கள் கரிசல் காட்டில் ஏராளம்.

வேற்றுமையும் உண்டு. மேஜிக் சீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை எழுதியிருக்கும். எனவே அரிது என்பது வேறு, பலம் என்பது வேறு. 1995ல் வந்த 'ஐஸ் ஏஜ்' தொகுப்பில் 'நெக்ரோபொட்டன்ஸ்' என்றொரு சீட்டு. அதைப் போட்டால் வழக்கமாகக் கிடைக்கும் சீட்டு கிடைக்காது, ஆனால் தன் உயிர்ப்புள்ளியில் ஒன்றைக் கொடுத்து ஒரு சீட்டு என்று வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம். உயிரைக் கொடுத்துச் சீட்டு வாங்குவதா என்று முகம் சுளித்து, புதுச் சீட்டுகளை மதிப்பிட்ட பத்திரிகை ஒன்று மிகக் குறைந்த மதிப்பெண் போட்டது. அடுத்த கோடையில் போட்டிகள் அத்தனையிலும் அதுவே ஆட்டிப்படைத்தது. உயிர்ப்புள்ளி கடைசி ஒன்று மீதமிருந்தால்கூடப் போதும், கையில் சீட்டு அதிகம் உள்ளவனே ஜெயிப்பான் என்று புரிய ஒரு வருடம் பிடித்தது. அதே 1996ல் அட்லாண்டாவில் பால் ஸ்லை என்பவர் எல்லோரும் சல்லி என்று ஒதுக்கிய சீட்டுகளாகக் கட்டு சேர்த்துக்கொண்டு வந்தார். கட்டின் சூத்திரம் ஜே ஷ்னைடர் என்பவருடையது. முதல் சுற்றில் போட ஒரு சீட்டு, இரண்டாம் சுற்றில் போட ஒரு சீட்டு என்று செலவைப் படிப்படியாக அடுக்கி, ஒரு சுற்றும் வீணாகாமல் பார்த்துக்கொண்டதுதான் ரகசியம். தனித்தனியாகப் பார்த்தால் தேறாத சீட்டுகள், கட்டாகச் சேர்ந்தபோது பெரிய பெரிய ஆட்களை வீட்டுக்கு அனுப்பின.

சல்லிக்கு வரும் மரியாதை நம் ஊர்ச் சீட்டாட்டத்துக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் ஆடும் 304 ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. நாலு இனமும் கூட்டினால் 304. ராஜாவை ஜாக்கி அடிக்கிற ஆட்டம்! சீட்டின் மதிப்பு படத்தில் இல்லை, ஆடுகிறவர்கள் வைத்துக்கொண்ட விதியில் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தீப்பெட்டிப் படத்தின் வரலாற்றில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. திண்ணையில் படம் ஆடிய பையன்களின் வயதே ஆன பிள்ளைகள், அவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளும்கூட, அந்தப் படத்தை ஒட்டுகிற வேலையில் இருந்தார்கள். விடியுமுன் ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, குச்சியைப் பெட்டியில் அடைப்பது எல்லாவற்றுக்கும் குரோஸ் கணக்கில்தான் கூலி. குரோஸ் என்றால் 144 பெட்டி. பெண்பிள்ளைகள்தான் அதிகம். ஒருவனுக்கு ஒரு படம் மயில், யானை, பத்து மதிப்பு. இன்னொருத்திக்கு அது 144ல் ஒன்று. 1983ல் ஸ்மிது கோத்தாரி இந்தப் பகுதியைப் பற்றி எழுதிய கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டியையும் பட்டாசையும் ஆபத்தான தொழில்களின் பட்டியலில் வைத்தது. 1990ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் வந்தது. 1996 டிசம்பர் 10ல், எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான வேலையில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான எழுத்தாளர் பூமணி இதே வாழ்க்கையைக் 'கருவேலம்பூக்கள்' என்று படமாக எடுத்தார். படம் சேகரிக்கும் விளையாட்டைப் பற்றி இனிக்க இனிக்க எழுதுகிற பலரும் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

விளையாட்டு நின்றதற்குக் காரணம் சட்டமும் இல்லை, அப்பாக்களின் அடியும் இல்லை, அட்டை. மரச்சீவல் கிடைப்பது கஷ்டமாகி விலையும் ஏறியதால், 1980, 90களில் தீப்பெட்டி மெல்ல மெல்ல அட்டைப்பெட்டிக்கு மாறியது. அட்டையில் படத்தை நேராகவே அச்சடித்து விடலாம், தனியாக லேபிள் தேவையில்லை. ஊறப்போட்டு உரிக்க எதுவும் இல்லாமல் போனது. பையன்கள் கொஞ்ச காலம் பெட்டியின் முகத்தைக் கத்தரித்து ஆடிப் பார்த்தார்கள். அதற்குள் பபிள்கம்மோடு கிரிக்கெட் வீரர் சீட்டு வர ஆரம்பித்தது, பின்னாலேயே டிரம்ப் கார்டு. 1990களில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு இல்லாத வகுப்பறை இருந்ததா என்ன? ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடிய சண்டை, ஜெயித்த சண்டை என்று எல்லாம் சீட்டிலேயே எண்ணாக அச்சாகியிருந்தது. யோகோசூனா கையில் இருந்தால் எடை சொல்ல வேண்டும், ஜயண்ட் கொன்ஸாலஸ் இருந்தால் உயரம். புதுச் சீட்டின் மதிப்பைத் தெரு கூடி முடிவு செய்ய வேண்டிய அவசியம் அதோடு போயிற்று. எண்ணைப் படித்தால் போதும். கட்டு சேர்க்கவும் வழியில்லை, ஒரே கட்டைக் குலுக்கி இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தீப்பெட்டிப் படத்தைவிட வழவழப்பான சீட்டு, ஆனால் ஆட்டம் ஒரு படி கீழே என்றே சொல்ல வேண்டும்.

தீப்பெட்டி மட்டும் இன்னும் கோவில்பட்டியிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் இயந்திரம் செய்தது. 14 வருடம் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023ல் மத்திய அரசு தடை செய்தபோது இந்த ஊர் ஆபீஸ்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பழைய மரப்பெட்டி லேபிளுக்கு இன்று காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தை. பசைக்கறை இருந்தால் ஒரு விலை, பெட்டியில் ஒட்டப்படாமலே தப்பிய சுத்தமான தாள் என்றால் வேறு விலை.